திறப்பதற்கு முன் எத்தனை பதிவுகள் கையில் இருக்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் பராமரிப்பு பற்றி ஒரு வலைப்பதிவு தொடங்கப் போகிறீர்கள். டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) வாங்கியாயிற்று, தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) போட்டாயிற்று, ஒரு பதிவும் எழுதி முடித்துவிட்டீர்கள். அதை வைத்துக்கொண்டு இன்றே திறந்துவிடலாமா, இல்லை இன்னும் சில பதிவுகள் சேரட்டும் என்று காத்திருக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஒருவர் “ஒன்று போதும், திற” என்கிறாராம். இன்னொருவர் “30 இல்லாமல் திறக்காதே, கூகுள் கண்டுகொள்ளாது” என்கிறாராம்.

என் பதில்: 12 எழுதுங்கள். திறக்கிற அன்று 6 வெளியே இருக்கட்டும், 6 கையிருப்பில் இருக்கட்டும். அதோடு 40 தலைப்புகள் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். ஏன் இந்த எண்கள் என்று கீழே சொல்கிறேன். காரணம் பிடிபட்டுவிட்டால், உங்கள் வசதிக்கு 12ஐ 10 ஆக்கலாம், 15 ஆக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

முதலில் கூகுள் விஷயத்தை முடித்துவிடுவோம். இத்தனை பதிவு இருந்தால்தான் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம் என்று கூகுள் எந்த எண்ணும் வைக்கவில்லை. ஒரு பதிவுக்கு இத்தனை சொற்கள் வேண்டும் என்றும் இல்லை. தனக்குப் பிடித்த சொல் எண்ணிக்கை என்று எதுவும் கிடையாது என்று அதன் வழிகாட்டுதலிலேயே எழுதியிருக்கிறது. ஒரே பதிவு உள்ள தளமும் தேடலில் வரலாம், 300 பதிவு உள்ள தளம் வராமலும் போகலாம். ஆகவே 30 என்ற எண்ணுக்குத் தேடுபொறியைக் காரணமாகக் காட்ட முடியாது.

உண்மையான காரணம் வாசகர்தான். தெரியாத ஒருவர், சைக்கிள் செயின் அடிக்கடி கழன்று விழுகிறது என்று தேடிக்கொண்டு உங்கள் பதிவுக்கு வருகிறார். படிக்கிறார், பிடிக்கிறது. அடுத்து என்ன செய்வார்? மேலே மெனுவைப் பார்ப்பார், கீழே வேறு பதிவு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்றும் இல்லை என்றால் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குக் காரணமே இருக்காது, ஏனென்றால் தான் வந்தது ஒரு வலைப்பதிவுக்கு என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. தனியாக நிற்கும் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுப் போயிருப்பார்.

இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளைப் பற்றி ஒரு வலைப்பதிவு தொடங்கினேன். ஒரே ஒரு பதிவு, தொட்டி மாற்றுவது பற்றி. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சுட்டியை அனுப்பினேன். அன்றே ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டார்: “மண் கலவை பற்றித் தனியாகச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பதிவு எங்கே?” அந்தப் பதிவு இல்லை. எழுதலாம் என்று உட்கார்ந்தால், அதற்கு வெவ்வேறு கலவைகளைச் செய்து படம் எடுக்க வேண்டியிருந்தது. ஐந்து வாரம் ஆயிற்று. போட்டபோது அந்த வாசகர் வரவில்லை, முதல் நாள் வந்த மற்றவர்களும் வரவில்லை. முதல் நாள் வருகிறவர்கள் உங்கள் மேல் உள்ள அன்பில் வருகிறவர்கள். அந்த அன்பை ஒரு முறைதான் கேட்டு வாங்க முடியும். அன்று அவர்கள் கையில் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும்.

சரி, இனி வேலைக்கு வருவோம். பதிவு எழுதுவதற்கு முன் தலைப்பு நோட்டு. ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு, உங்கள் துறையில் மக்கள் கேட்கிற கேள்விகளை அவர்கள் கேட்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள். ‘செயின் பராமரிப்பு’ என்று எழுதினால் அது பாடப்புத்தகத் தலைப்பு. ‘எண்ணெய் போட்டும் செயின் ஏன் சத்தம் போடுகிறது’ என்றால் அது ஒருவருடைய கேள்வி. ‘பிரேக் பிடித்தால் கிறீச்சிடுகிறது’, ‘காற்று அடித்த மறுநாளே டயர் இறங்கிவிடுகிறது’, ‘மழையில் நனைந்த சைக்கிளை முதலில் என்ன செய்ய வேண்டும்’, ‘சீட் உயரம் சரிதானா என்று எப்படிப் பார்ப்பது’, இப்படியே போகட்டும்.

இந்த நோட்டு தலைப்புகளைச் சேர்த்து வைப்பதோடு உங்களையும் சோதித்துவிடும். 15 எழுதிவிட்டு கை நின்றுவிட்டால், எடுத்துக்கொண்ட பொருள் மிகவும் குறுகல், அல்லது அதில் உங்களுக்கு இன்னும் போதிய பழக்கம் இல்லை. 40 எழுதியும் இன்னும் வந்துகொண்டே இருந்தால் நல்ல பொருள். ஆனால் அந்த 40இல் பாதி சைக்கிள், மீதி உடற்பயிற்சி, பயணம், கேமரா என்று சிதறியிருந்தால், உங்களுக்கு எழுத ஆசைதான் இருக்கிறது, இன்னும் பொருள் முடிவாகவில்லை என்று அர்த்தம். இதைத் திறந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போது தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல். டொமைன் பெயரைக்கூட இந்தக் கட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், அந்த 40இல் எந்த 12? இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். எழுதுவதற்குச் சுலபமானதை எடுக்கிறார்கள். நான் சொல்வது, ஒன்றையொன்று கைகோத்து நிற்கும் தலைப்புகளை எடுங்கள். செயின் ஏன் கழன்று விழுகிறது என்ற பதிவைப் படிப்பவருக்கு, செயின் தேய்ந்திருக்கிறதா என்று அளப்பது எப்படி என்ற பதிவு அடுத்து தேவைப்படும். அளந்து பார்த்துத் தேய்மானம் தெரிந்தால், செயினை மட்டும் மாற்றினால் போதுமா, பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. மாற்றப் போகிறவருக்கு என்னென்ன கருவிகள் வேண்டும் என்பது நான்காவது. இந்த நான்கும் ஒரு கொத்து. இதேபோல் பிரேக் பற்றி ஒரு கொத்து, டயர் பற்றி ஒரு கொத்து. மூன்று கொத்து, 12 பதிவு, கணக்கு முடிந்தது.

திறக்கும் நாளில் வெளியிடும் 6இல் ஒரு கொத்து முழுசாக இருக்கட்டும், மற்ற இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று. ஒரு கொத்தாவது முழுசாக இருந்தால்தான் இவரிடம் வந்தால் ஒரு விஷயத்தை முடித்துக்கொண்டு போகலாம் என்ற நம்பிக்கை வாசகருக்கு வரும். பதிவுக்குப் பதிவு சுட்டி கொடுக்கும்போது ‘இங்கே சொடுக்கவும்’ என்று கொடுக்காதீர்கள். ‘செயின் தேய்மானத்தை அளப்பது’ என்ற வார்த்தைகளின் மேலேயே சுட்டி இருக்கட்டும். எங்கே போகிறோம் என்று வாசகருக்கும் தெரியும், தேடுபொறிக்கும் தெரியும். இன்னும் வெளியிடாத பதிவுக்கு ‘விரைவில்’ என்று வாக்கு கொடுக்காதீர்கள். அந்தத் தவறை நான் செய்தேன், என்ன ஆயிற்று என்று மேலே சொன்னேன்.

ஆறாவது இடத்தில் உங்கள் கையால் செய்து, தவறி, மறுபடி செய்த வேலையைப் பற்றிய ஒரு பதிவு வரட்டும். கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டுதலில் 2022 டிசம்பரில் நேரடி அனுபவத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. வாசகர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதும் வரிசை பற்றி ஒரு வார்த்தை. முதலில் எழுதுவதை முதலில் வெளியிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று பதிவுகளில் யாராக இருந்தாலும் மொழி விறைப்பாகத்தான் இருக்கும், மேடையில் பேசுகிற மாதிரி. ஐந்தாவது ஆறாவது பதிவில்தான் உங்கள் சொந்தக் குரல் வரும். அது வந்த பிறகு முதல் மூன்றையும் திரும்ப எழுதுங்கள். திறப்பதற்கு முன் 12 எழுதச் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம். உங்கள் குரல் எதுவென்று யாரும் பார்க்காத இடத்தில் கண்டுபிடித்துக்கொள்ள இது ஒன்றுதான் வாய்ப்பு.

எப்படித் திருத்துவது என்று ஓர் உதாரணம் காட்டுகிறேன். செயின் தேய்மானம் பற்றிய பதிவின் முதல் வரைவு இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“மனிதனின் கண்டுபிடிப்புகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று சைக்கிள். அதன் முக்கிய உறுப்புகளுள் ஒன்றான செயினை முறையாகப் பராமரிப்பது மிகவும் அவசியம். இந்தப் பதிவில் செயின் தேய்மானத்தைப் பற்றி விரிவாகக் காண்போம்.”

மூன்று வாக்கியம் போயிற்று, வாசகருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் ஏற்கெனவே சைக்கிள் வைத்திருக்கிறார், செயின் முக்கியம் என்றும் அவருக்குத் தெரியும். இதை இப்படி மாற்றுங்கள்:

“ஓர் அங்குல அளவுகோல் எடுங்கள். செயினை இழுத்துப் பிடித்து, கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். அங்கிருந்து 24ஆவது பின்னின் நடுப்பகுதி சரியாக 12 அங்குலத்தில் நின்றால் செயின் புதிது போல இருக்கிறது. அதைத் தாண்டி 1/16 அங்குலம் தள்ளி நின்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் தள்ளி நின்றால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும்.”

படிக்கிறவர் உடனே எழுந்துபோய் அளந்து பார்ப்பார். ஒரு பதிவு செய்ய வேண்டிய வேலை அதுதான். எந்த வரைவை எடுத்தாலும் முதல் பத்தியை மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். ஏதும் குறையவில்லை என்று தோன்றினால் முதல் பத்தி தேவையே இல்லை. வரைவை எழுதிய அன்றே திருத்தாதீர்கள், மூன்று நாளாவது கிடக்கட்டும். பிறகு போனில் திறந்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியம் சரியில்லை என்று பொருள்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 12 பதிவு என்ன, 100 பதிவையே ஒரு மாலையில் இயந்திரத்தை வைத்து எழுதிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம் என்று மனப்பூர்வமாகச் சொல்கிறேன். தேடலில் இடம் பிடிப்பதற்காக மொத்தமாகத் தயாரித்துக் குவிக்கும் பக்கங்களை, யார் எழுதினாலும் எது எழுதினாலும், முறைகேடு என்றே கூகுள் 2024 மார்ச்சில் தன் விதிகளில் சேர்த்துவிட்டது. அதைவிடப் பெரிய நஷ்டம் உங்களுக்குத்தான். மேலே சொன்ன குரல் என்பது 12 பதிவையும் நீங்களே எழுதி எழுதித்தான் வரும்.

படங்கள். பதிவை எழுதிவிட்டுப் படம் தேடாதீர்கள். வேலையைச் செய்யும்போதே, ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி, எடுத்துக்கொள்ளுங்கள். கை எங்கே இருக்கிறது, கருவி எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிய வேண்டும். தேடலில் கிடைத்த படத்தை அப்படியே எடுத்துப் போடுவது தவறு, அது யாரோ ஒருவரின் உரிமை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுக்கப்பட்ட படம் என்றாலும், அந்த உரிமம் பெயர் குறிப்பிடக் கேட்டால் குறிப்பிட்டே ஆக வேண்டும். போனில் எடுத்த படத்தை நேரே ஏற்றினால் பக்கம் திறக்க நேரமாகும். வலைப்பதிவு நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ், 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படங்களைத் தானே சுருக்குகிறது, ஆனால் வலைப்பதிவின் ஒரு பத்தி அகலத்துக்கு அதுவும் அதிகம். 1200 அளவுக்கு நீங்களே சுருக்கி ஏற்றுங்கள். சுருக்கும்போது படத்துக்குள் பதிவாகியிருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள். வீட்டு வாசலில் எடுத்த படம் உங்கள் வீடு எங்கே என்று சொல்லிவிடக்கூடும். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை, அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரு வரி, எழுதுங்கள். பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துக் காட்டும்.

அடுத்தது பதிவின் முகவரி. தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுப் பிறகு வருந்துகிறார்கள். தலைப்பையே வேர்ட்பிரஸ் முகவரியாக எடுத்துக்கொள்ளும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக விரியும், ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. மெய்யின் புள்ளியும், உயிர்மெய்யின் கொம்பும் சுழியும்கூடத் தனித்தனிக் குறிகள். அந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் வைத்திருக்கும் இடம் 200 எழுத்துதான், அதாவது 22 குறிகள் வரை. ‘சைக்கிள் செயின் ஏன் அடிக்கடி கழன்று விழுகிறது’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘சைக்கிள்-செயின்-ஏன்-அடிக’ என்ற இடத்தில் அறுந்துபோகும். எனவே ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு மூன்று சொல்லில் முகவரியை நீங்களே கொடுங்கள். ரோமன் எழுத்தில் கொடுத்தால், பிறருக்கு அனுப்பும்போது சதவீதக் குறிகளின் நீண்ட வாலாக மாறாமல் இருக்கும். எதுவானாலும் திறப்பதற்கு முன் முடிவு செய்து, பிறகு தொடாதீர்கள். முகவரியில் தேதி வர வேண்டுமா என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். பராமரிப்பு போன்ற பொருளுக்குத் தேதி வேண்டாம். வெளியே போன முகவரியை மாற்றினால் பழைய சுட்டிகளுக்கெல்லாம் வழிமாற்றம் (வருகிறவரைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நிலையான பக்கங்களில் அறிமுகப் பக்கம் ஒன்றுதான் உழைப்பைக் கேட்கும். நீங்கள் யார், எத்தனை காலமாக இந்த வேலையைச் செய்கிறீர்கள், யாருக்காக எழுதுகிறீர்கள் என்று பத்து வரி. தொடர்புக்கு ஒரு பக்கம், தனியுரிமை பற்றி ஒரு பக்கம், அவ்வளவுதான். வேர்ட்பிரஸ் தானாகவே வைத்துவிட்டுப் போகும் ‘ஹலோ வேர்ல்டு’ பதிவையும் மாதிரிப் பக்கத்தையும் நீக்க மறக்காதீர்கள். வகைகளை மூன்றோடு நிறுத்துங்கள், ஒரு கொத்துக்கு ஒன்று. ஒரே பதிவு உள்ள வகை வாசகருக்குக் காலி அறை மாதிரி.

கையிருப்பு 6 எதற்கு என்று சொல்லவில்லை. அந்த 12 பதிவையும் எழுதும்போது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுத்த நேரம், திருத்திய நேரம் உட்பட. 12 பதிவுக்கு ஆறு வாரம் ஆனால், வாரத்துக்கு இரண்டு எழுத முடிகிறது. ஆனால் திறந்த பிறகு பின்னூட்டங்களுக்குப் பதில் எழுத வேண்டும், பழைய பதிவைத் திருத்த வேண்டும், எதிர்பாராத ஏதாவது கெட்டுப்போகும். ஆகவே உங்கள் வேகத்தில் பாதியை மட்டும் நம்பி, வாரம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பு 6 என்றால் ஆறு வாரத்துக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும், வேலை கூடினாலும் வலைப்பதிவு நிற்காது. தொடங்கியதும் ஓய்ந்துபோகிற வலைப்பதிவுகள் பெரும்பாலும் இந்த முதல் இரண்டு மூன்று மாதத்தில்தான் ஓய்கின்றன.

கையிருப்பை நேரம் குறித்துத் தானாக வெளியாகும்படி வைக்கலாம். வேர்ட்பிரஸில் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, அமைப்புகளில் நேர மண்டலத்தைச் சரிசெய்யாவிட்டால் நீங்கள் நினைத்த நேரம் ஒன்றாகவும் வெளியாகும் நேரம் வேறாகவும் இருக்கும். இரண்டு, நேரம் குறித்த வேலைகளை வேர்ட்பிரஸ் யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் ஓட்டிப் பார்க்கும். ஆள் வராத புதுத் தளத்தில் காலை 6 மணி என்று குறித்த பதிவு, முதல் ஆள் வரும்வரை காத்திருக்கும். தொடக்க வாரங்களில் நீங்களே ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

அப்படியானால் 30 இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. 30 எழுதி முடிக்க, வாரம் இரண்டு என்ற வேகத்தில் 15 வாரம். அத்தனை நாளும் உங்களுக்குப் பதில் சொல்ல ஒருவர்கூட இல்லை. நீங்கள் பிரேக் பற்றி எட்டுப் பதிவு எழுதி வைத்திருப்பீர்கள், வருகிற வாசகர்கள் எல்லாம் டயரைப் பற்றியே கேட்பார்கள். எழுதி வைத்ததை விட மனசு வராது. அதோடு, அத்தனை நாள் திறக்காமல் மெருகேற்றிக்கொண்டே இருப்பது பழக்கமாகிவிட்டால் திறப்பதற்கே பயம் வந்துவிடும். இப்படித் திறக்காமலே போன நல்ல வலைப்பதிவுகளை நான் பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றும் நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. எனவே ஒரு தேதி குறியுங்கள். அன்று 12க்கு 9தான் முடிந்திருந்தாலும் 5ஐ வெளியிட்டுத் திறந்துவிடுங்கள்.

வெளியிடும் 6 பதிவுக்கும் பழைய தேதிகளைப் போட்டு, பல மாதமாக எழுதி வருவது போலக் காட்ட வேண்டாம். எல்லாம் ஒரே நாளில் வந்திருப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

திறக்கும் நாளில் முதலில் பார்க்க வேண்டியது, வேர்ட்பிரஸின் வாசிப்பு அமைப்பில் தேடுபொறிகளைத் தடுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் இருக்கிறதா என்று. தயாரிப்பில் இருந்தபோது போட்ட டிக்கை எடுக்க மறந்து, தேடலில் ஏன் வரவில்லை என்று மாதக்கணக்கில் குழம்பியவர்கள் உண்டு. பிறகு கூகுள் சர்ச் கன்சோலில் (உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சேவை) தளத்தைச் சேர்த்து தளவரைபடத்தை, அதாவது தளத்தின் பக்கங்களுடைய பட்டியலை, கொடுங்கள். வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பிலிருந்து அதைத் தானே உருவாக்கி வைக்கிறது. தேடலில் தெரிய சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அதுவரை வருகிறவர்கள் நீங்கள் நேரில் சுட்டி கொடுத்தவர்கள்தான். எல்லோருக்கும் முகப்புப் பக்கத்தை அனுப்பாதீர்கள். யாருடைய சைக்கிளில் என்ன தொல்லை என்று உங்களுக்குத் தெரியும், அவரவருக்கு அந்தந்தப் பதிவை அனுப்புங்கள்.

முதல் வாரத்தில் யாராவது ஒரு கேள்வி கேட்டால், கையிருப்பில் அடுத்து வெளியாக இருந்த பதிவை ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, அந்தக் கேள்விக்கான பதிவை எழுதுங்கள். கேட்டவருக்குச் சுட்டியையும் அனுப்பிவிடுங்கள். உங்கள் நோட்டில் 41ஆவது தலைப்பாக அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.